விடிய விரல் மடங்கவில்லையா? வாத நோய் கிளினிக்குக்குப் போகும் முன்

எனக்கு ருமட்டோயிட் ஆத்திரைட்டிஸ் என்ற மூட்டுவாதம். கோப்பாயில் இருக்கிறேன். அயலில் யாருக்கு மூட்டு வீங்கினாலும் என்னிடம்தான் விசாரிக்க வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே எழுதுகிறேன்.

வயதுக்குத் தேய்ந்த முழங்கால், நடக்க நடக்க நோகும், இருந்தால் ஆறும். மூட்டுவாதம் தலைகீழ். விடிய எழும்பும்போதுதான் நோவு கூட. விரல்கள் விறைத்து, இடியப்ப உரலை அமத்த ஏலாது; அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் போனபிறகே இளகும். பெரும்பாலும் இரண்டு கையிலும் சேர்ந்து வரும். வீங்கிய மூட்டு தொட்டால் மெத்தென்று இருக்கும். இப்படிச் சில கிழமைகள் நின்றாலே போதும், பனடோலோடும் எண்ணெயோடும் நாளைக் கடத்தாமல் வாத நோய் நிபுணரைத் தேடுங்கள். எலும்பு அரிபட்டு விரல் கோணிவிட்டால் எந்த மருந்தாலும் அதை நிமிர்த்த முடியாது. எக்ஸ்றேயில் ஒன்றுமில்லை, ருமட்டோயிட் ஃபக்டர் என்ற இரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தாலும் இந்த வருத்தம் இருக்கலாம். இள வயதினருக்கு விடியப்புறம் நாரி விறைத்து, நடமாடினால் குறைகிறதென்றால் அதுவும் இதே நிபுணர் பார்க்க வேண்டியதுதான்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு யாழ் போதனா வைத்தியசாலையில் விசாரியுங்கள். தனியாரில் சனல் பண்ணிக் காட்டினாலும் அரச கிளினிக்கில் பதிந்து வைப்பது நல்லது. இது வருடக்கணக்கில் மருந்து எடுக்கும் வருத்தம். அங்கே மருந்து இலவசம்.

போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: காலையில் விறைப்பு எவ்வளவு நேரம், எந்தெந்த மூட்டு, எந்த வேலை செய்ய ஏலவில்லை. வீக்கம் கூடிய நாளில் போனில் படம் எடுத்து வையுங்கள்; கிளினிக் நாளன்று பார்த்து வீக்கம் வற்றியிருக்கும். சித்த வைத்தியரின் குடிநீர், சூரணம் எதையும் மறைக்க வேண்டாம். முன்பு காசநோய், செங்கமாரி வந்திருந்தால் அதையும், பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். மருந்தின் தெரிவே அதனால் மாறும்.

நிபுணர் ஒவ்வொரு மூட்டாகப் பெருவிரலால் அமத்திப் பார்ப்பார். எது நோகிறது, எது வீங்கியிருக்கிறது என்று 28 மூட்டுகளை எண்ணி, உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி இரத்தப் பரிசோதனையோடு, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று நீங்கள் சொல்வதையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுவதுண்டு. அந்தக் கணக்கை வைத்துத்தான் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும். எங்கள் சனமோ டொக்டரைக் கண்டதும் மரியாதைக்கு "பரவாயில்லை" என்று சொல்லிவிடும். தயவுசெய்து சொல்லாதீர்கள். நொந்தால் நோகுது என்று சொல்லுங்கள். உங்கள் ஒரு சொல்லால் கணக்குக் குறைந்தால் மருந்தும் குறைவாகவே நிற்கும், உள்ளே எலும்பு அரிபட்டுக்கொண்டிருக்கும்.

பெரும்பாலும் முதலில் தருவது மெத்தோட்ரெக்சேட். இது கிழமைக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கும் மருந்து. நான் சமையலறைக் கலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வட்டம் போட்டு, எடுத்தவுடன் வெட்டிவிடுவேன். மற்றக் குளிசைகளோடு சேர்த்து நாளாந்தம் விழுங்கினால் இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. வீட்டில் வயதானவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். கூடத் தரும் ஃபோலிக் அசிட்டை வேறு நாளில் எடுக்க வேண்டும். சுகம் தெரிய 6 முதல் 12 கிழமை செல்லும். அதற்குள் "கேட்கவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். ஈரலையும் இரத்தத்தையும் பார்க்கும் பரிசோதனைகளைத் தவறவிடக்கூடாது. மது அறவே வேண்டாம் என்பதே என் சொல். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே டொக்டரோடு கதைத்து இதை நிறுத்த வேண்டும். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொயிட் குளிசை தந்திருந்தால், நோவு போய்விட்டதென்று நீங்களாகச் சட்டென்று நிறுத்தக்கூடாது.

கைக்குப் பயிற்சியும், மணிக்கட்டுக்குத் தாங்கு பட்டியும் கேட்டு வாங்குங்கள். சோற்றுப் பானையை விரல்களால் தூக்காமல் இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்தப் பழகினால் மூட்டுக்குப் பாரம் குறையும்.

காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமல், மூச்சு வாங்கல் வந்தால் அந்தக் கிழமை மெத்தோட்ரெக்சேட்டை எடுக்காமல், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல், கிளினிக் கொப்பியையும் கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். எந்த டொக்டர் அன்டிபயோட்டிக் எழுதினாலும், எழுதும் முன்பே மெத்தோட்ரெக்சேட் எடுப்பதாகச் சொல்லுங்கள். சில மருந்துகள் இதோடு சேரவே கூடாது.