குவேக் லெவலில் வளைந்த நடைபாதை: 4-1, 3-3, 1-4

1996-இல் வந்த குவேக் என்ற சுடும் கணினி விளையாட்டில் வளைவு என்று ஒன்று கிடையவே கிடையாது. சுவர், தூண், கூரை எல்லாமே தட்டையான பக்கங்கள் கொண்ட கட்டிகள்தான். மேப் (விளையாட்டின் ஒரு லெவல்) போடுகிறவர்கள் அவற்றை பிரஷ் என்பார்கள். நிஜமான வளைபரப்பு 1999-இல் குவேக் 3 அரீனாவோடுதான் வந்தது. ஆகவே குவேக்கில் நாம் பார்க்கிற வளைவெல்லாம் நேர்க்கோடுகளைச் சரியான இடத்தில் முறித்ததால் வருவது. எங்கே முறிப்பது என்பதுதான் இன்றைய பாடம்.

கருவி: டிரெஞ்ச்புரூம் என்ற மேப் வரையும் மென்பொருள். இலவசம்; விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். புதிய மேப் திறக்கும்போது வால்வ் என்ற கோப்பு ஃபார்மட்டைத் தேர்ந்தெடுங்கள். ஏன் என்பது டெக்ஸ்சர் (சுவரின் மேல் வரும் படம்) ஒட்டும்போது தெரியும்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. வளைவு என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, ஒரு சுவரைச் செய்து 15 டிகிரி 15 டிகிரியாகச் சுழற்றி அடுக்குவது. நானும் அதைத்தான் செய்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கம்பைல் செய்தால், அதாவது மேப்பை விளையாட்டு படிக்கும் கோப்பாக மாற்றினால், 'லீக்' (ஓட்டை) என்று வந்து நின்றது. சுழற்றியதும் முனைகள் கிரிட்டை (திரையில் தெரியும் கட்டக்கோடுகளை) விட்டு விலகிப் பின்ன எண்களில் போய் உட்கார்ந்துவிட்டன. இரண்டு சுவர்களுக்கு நடுவே கண்ணுக்கே தெரியாத ஓர் இடுக்கு. குவேக்கில் மேப் முழுவதும் காற்றுப் புகாத டப்பா மாதிரி மூடியிருக்க வேண்டும். தலைமுடி அளவு இடுக்கு இருந்தாலும் கம்பைலருக்கு அது ஓட்டைதான். அந்த இடுக்கைத் தேடியே ஒரு ராத்திரி போயிற்று. எனவே சுழற்ற வேண்டாம், வெட்டுவோம்.

வெட்டும் இடங்களுக்கு மூன்று ஜோடி எண்களை மட்டும் நினைவில் வையுங்கள்: 4-1, 3-3, 1-4. மையத்திலிருந்து வலப்பக்கம் நான்கு கட்டம், மேலே ஒன்று. வலப்பக்கம் மூன்று, மேலே மூன்று. வலப்பக்கம் ஒன்று, மேலே நான்கு. இந்தப் புள்ளிகளை இணைத்தால் கால் வட்டம். நான்கு கால்களையும் சேர்த்தால் பன்னிரண்டு பக்க உருவம். கறாராகப் பார்த்தால் இது ஒழுங்கான பன்னிருகோணம் இல்லை. ஒரு கட்டம் 32 அலகு (விளையாட்டின் நீள அளவு) என்று வைக்கும் உட்பக்க வளைவில் நேர்ப் பக்கம் 64 அலகு, சாய்ந்த பக்கம் சுமார் 72. ஓடிக்கொண்டே சுடுகிறவன் கண்ணுக்கு அந்த எட்டு அலகு தெரியாது. எல்லா முனையும் கிரிட்டில் இருக்கிறது, அதுதான் நமக்கு வேண்டியது.

சரி, வேலையைத் தொடங்குவோம். ஸ்பேஸ் விசையை அழுத்தி மேலிருந்து பார்க்கும் காட்சிக்கு வாருங்கள். எண் விசை 6-ஐ அழுத்தினால் கிரிட் 32 ஆகும். எதையும் தேர்வு செய்யாமல் மவுஸை இழுத்து, நான்குக்கு நான்கு கட்டத்தில் ஒரு சதுரக் கட்டி வரையுங்கள், உயரம் 128. அதன் கீழ்-இடது மூலைதான் நம் மையம். இதுவே வளைவின் உட்பக்கச் சுவர்.

கட்டி தேர்விலேயே இருக்கட்டும். சி விசையை அழுத்தினால் கிளிப் டூல் வரும். 4-1 புள்ளியில் ஒரு கிளிக், 3-3 புள்ளியில் ஒரு கிளிக். வெட்டுக்கோடு கட்டியின் மேல் விளிம்புவரை நீளும். எந்தப் பக்கம் மிஞ்சும் என்பதைத் திரையிலேயே காட்டும். தவறான பக்கமாக இருந்தால் கன்ட்ரோல்-என்டர் அழுத்தி மாற்றி, பிறகு என்டர். அப்புறம் 3-3, 1-4 புள்ளிகளில் இரண்டாவது வெட்டு. அவ்வளவுதான், மூலை உருண்டுவிட்டது.

வெளிச்சுவரில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஒரு பிரஷ் எப்போதும் வெளிப்புறமாகவே புடைத்திருக்க வேண்டும். அதன் எந்த இரண்டு முனைகளுக்கிடையே நூல் கட்டினாலும் நூல் கட்டிக்குள்ளேயே போக வேண்டும். வெளிச்சுவரின் வளைவோ உட்குழிந்தது. ஒரே பிரஷில் வராது. ஆனால் வளையம் வளையமாகத் துண்டு போடவும் தேவையில்லை. வெளிச்சுவரைச் சாதாரண 'ட' வடிவ மூலையாகக் கட்டிவிட்டு, மூலையை இரண்டு முக்கோணங்களால் அடைத்தால் போதும்.

விசை 7, கிரிட் 64. அதே மையத்திலிருந்து நான்கு கட்டம் தள்ளி வலப்பக்கம் ஒரு நேர்ச்சுவர், நான்கு கட்டம் மேலே ஒரு நேர்ச்சுவர். இரண்டும் மூலையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இப்போது வலப்பக்கச் சுவரின் உட்புறமாக ஒரு கட்டம் அகலம், மூன்று கட்டம் நீளத்தில் ஒரு கட்டி: 3-1 முதல் 4-4 வரை. 4-1, 3-3 வழியாக ஒரு வெட்டு, 3-3, 4-4 வழியாக இன்னொன்று. வலச்சுவரை ஒட்டிய முக்கோணம் மட்டும் மிஞ்ச வேண்டும். மேல்சுவருக்கு இதையே திருப்பிச் செய்யுங்கள்: 1-3 முதல் 4-4 வரை கட்டி, வெட்டு 1-4, 3-3 வழியாகவும் 3-3, 4-4 வழியாகவும்.

கிரிட்டை இரட்டித்து அதே எண்களைப் பயன்படுத்தியதால், வெளிவளைவு உள்வளைவைப் போல் சரியாக இரண்டு மடங்கு. நடைபாதை நேராகப் போகும் இடத்தில் அகலம் 128, சாய்ந்த இடத்தில் சுமார் 129. ஆட்டக்காரனின் உடல் 32 அகலம், 56 உயரம் என்பதால் தாராளமாக ஓடலாம்.

தரையையும் கூரையையும் வளைக்க முனையாதீர்கள். முழு மூலையையும் மூடுகிற சதுரப் பலகை கீழே ஒன்று, மேலே ஒன்று. சுவருக்கு அடியில் போகிற பகுதியை யார் பார்க்கப் போகிறார்கள்? மொத்தம் ஏழே பிரஷ்.

டெக்ஸ்சர்: ஷிஃப்ட்-கிளிக் செய்து ஒரு சுவர்ப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் அழுத்தியபடி பக்கத்து முகத்தைக் கிளிக் செய்யுங்கள். செங்கல் வரிசை முனையில் முறியாமல் மடிந்து தொடரும். பழைய ஃபார்மட்டில் சாய்ந்த முகத்தில் செங்கல் சற்று இழுபட்டுத் தெரியும், அதற்காகத்தான் வால்வ்.

சோதித்துப் பார்க்க, இரண்டு முனைகளையும் தற்காலிகமாகப் பலகை வைத்து மூடி, உள்ளே ஒரு விளக்கும் ஆட்டக்காரன் தொடங்கும் புள்ளியும் வைத்துக் கம்பைல் செய்யுங்கள். லீக் வந்தால் பதற வேண்டாம். கம்பைலர் எழுதித் தரும் பாயின்ட் ஃபைலை டிரெஞ்ச்புரூமில் ஏற்றினால், உள்ளிருந்து ஓட்டை வழியாக வெளியே போகும் கோட்டை வரைந்து காட்டும். பெரும்பாலும் கூரைப் பலகை ஒரு கட்டம் குறைவாக இருக்கும்.

முழு யு-திருப்பம் வேண்டுமென்றால் முனைப் பலகைகளை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-டி கொடுத்து நகலெடுங்கள். கன்ட்ரோல்-எஃப் கொடுத்தால் நகல் இடவலமாகத் திரும்பும். அம்பு விசையால் இடப்பக்கம் தள்ளி, இரண்டு மையங்களையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்துங்கள்.