வலையில் திமிங்கலச்சுறா சிக்கினால்

பத்து மீட்டர் நீளமுள்ள ஓர் உடல் வலையோடு புரள்வதைப் பார்த்து அஞ்சாதவர் குறைவு. சுறா என்ற பெயரும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். ஆனால் ஒரு மீட்டருக்கும் மேல் விரியக்கூடிய அந்த வாய்க்குள் இருப்பவை அரிசி அளவுள்ள பற்களே. நீரை உள்ளிழுத்து, அதில் மிதக்கும் சிற்றுயிர்களையும் சிறு மீன்களையும் வடித்துத் தின்னும் மீன் இது. கவனம் வேண்டியது வாயிடம் அல்ல, வாலிடம்: வலியால் அது வீசும் ஒரு வீச்சு சிறு படகைக் கவிழ்த்துவிடும்.

ஆகவே முதலில் இன்ஜினை நிறுத்துங்கள். வால் பக்கம் படகையோ ஆளையோ விடாதீர்கள். பக்கவாட்டில் நெருங்கி, படகிலிருந்தபடியே, செவுள்களை இறுக்கியிருக்கும் வலையை முதலில் அறுங்கள். மூச்சு அங்கேதான் இருக்கிறது. செவுளில் கையையோ கொக்கியையோ நுழைப்பதும், வாலில் கயிறு கட்டிப் பின்னோக்கி இழுப்பதும் அதைக் கொன்றுவிடக்கூடிய செயல்கள். படகில் ஏற்றவோ கரையில் போடவோ கூடாது, ஏனெனில் நீரின் தாங்கல் இல்லாவிட்டால் அதன் எடையே அதன் உள்ளுறுப்புகளை நசுக்கும். கரைவலையில் வந்திருந்தால், தலையைக் கடல்பக்கம் திருப்பி, அலை ஏறும் நேரத்தில் வலையைத் தளர்த்துங்கள். உடலில் வலைத்துண்டு எதுவும் தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுத்த வலை மீனவரின் மூலதனம் என்பதை மறந்து இதைப் பேசுவது நியாயமன்று. குஜராத்தின் வேராவல் கரையில் ஈரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்ட மீன் இது. 2001இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பிறகும், மக்கள் மனத்தை மாற்றியது 2004இல் தொடங்கிய பிரசாரம்தான். பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளாக அதைப் பாருங்கள் என்று ராமாயணக் கதைசொல்லி மொராரி பாபு சொன்னதை மீனவர்கள் ஏற்றார்கள். வலைச் சேதத்துக்கு அரசு இழப்பீடு தந்தது. விடுவிப்பை மீனவர்களே படமெடுத்துக் கொடுத்தார்கள். வலையை அறுக்கச் சொல்லும் எந்தக் கரையிலும் இந்த ஏற்பாடு இருந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நீங்களும் கைபேசியில் படமெடுங்கள். செவுளுக்குப் பின்னால், இடப்பக்க உடலிலுள்ள வெண்புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தால் நல்லது. கைரேகைபோல அவை ஒவ்வொரு மீனுக்கும் வேறுபடுவதால், அதே மீன் மீண்டும் வந்தால் ஆய்வாளர்கள் அடையாளம் காண்பார்கள். இடத்தையும் நேரத்தையும் குறித்து, வனத்துறைக்கோ மீன்வளத்துறைக்கோ சொல்லிவிடுங்கள். விடுபட்ட மீன் சற்று நேரம் அசையாமல் மிதந்தாலும் தள்ளாதீர்கள்; படகை விலக்கி, அது தானாக ஆழத்தில் இறங்கும்வரை காத்திருங்கள்.