டூரிங் கார் கிட்டை ரேஸுக்கு ரெடி பண்றது: பெட்டிய பிரிக்கறதுல இருந்து முதல் ரேஸ் வரைக்கும்

1/10 ஸ்கேல் எலக்ட்ரிக் ரிமோட் கன்ட்ரோல் டூரிங் கார் கிட் ஒண்ணு வாங்கிட்டு, அடுத்து என்னன்னு முழிச்சிட்டு இருக்கவங்களுக்குத்தான் இது. எடுத்ததுமே சொல்லிடறேன், எத்தனை டர்ன் (காயில் சுத்து) மோட்டார், எத்தனை எம்ஏஹெச் பேட்டரின்னு மண்டைய உடைச்சுக்கறது எல்லாம் அப்புறம். எதுவும் எங்கயும் பிடிக்காம ஃப்ரீயா அசையுதா, இடது பக்கம் இருக்கற மாதிரியே வலது பக்கமும் இருக்கா, இந்த ரெண்டு கேள்விக்கும் ஆமான்னு பதில் வந்தாத்தான் மத்த செட்டப் எதுவும் வேலைக்கு ஆகும். இல்லன்னா ஸ்ப்ரிங் மாத்துறீங்க, ஆயில் மாத்துறீங்க, காரு மட்டும் அதே மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு போகும்.

வாங்குறதுக்கு முன்னாடி நீங்க ஓட்டப்போற கிளாஸோட ரூல்ஸ படிச்சிடுங்க. 21.5, 17.5, 13.5 டர்ன்னு ஸ்டாக் கிளாஸ் இருக்கும், மாடிஃபைடு தனி. டர்ன் குறைய குறைய வேகம் கூடும். ஸ்டாக்ல பெரும்பாலும் பிளிங்கி தான், அதாவது இஎஸ்சி (மோட்டார் வேகத்த கன்ட்ரோல் பண்ற எலக்ட்ரானிக் பொட்டி) தன் பங்குக்கு டைமிங் ஏத்தி மோட்டார வேகமாக்கக்கூடாது, ஏத்தலைங்கறதுக்கு அடையாளமா லைட் மினுக்கிட்டே இருக்கும். டயரும் பல இடத்துல கன்ட்ரோல் டயர்தான், நம்ம இஷ்டத்துக்கு போட முடியாது. இப்பதான் ஆரம்பிக்கறீங்கன்னா டாமியா டிடி-02 மாதிரி ஷாஃப்ட் டிரைவ் கார்ல தொடங்கறதுல ஒரு தப்பும் இல்ல, ஆனா பிளாஸ்டிக் புஷ்ஷ தூக்கி போட்டுட்டு ஃபுல் பேரிங் செட்டும் ஆயில் ஷாக்கும் மாத்திடுங்க. இங்க கீழ சொல்றது கார்பனோ அலுமினியமோ சேஸி, பெல்ட் டிரைவ், பின்னாடி கியர் டிஃப் (டிஃபரன்ஷியல்), முன்னாடி ஸ்பூல்னு வர்ற ரேஸ் கிட்ட மனசுல வச்சுத்தான்.

டூல்ஸ்ல கஞ்சத்தனம் வேண்டாம். 1.5, 2.0, 2.5 எம்எம் ஹெக்ஸ் டிரைவர் நல்ல டிப்பா வாங்குங்க, பெட்டியோட வர்ற எல் சாவிய வச்சு இறுக்கினா ஸ்க்ரூ தலை தேஞ்சிடும், அப்புறம் அத கழட்டறதே தனி ப்ராஜெக்ட். வீல் நட்டுக்கு 7 எம்எம், சின்ன நட்டுக்கு 5.5. டாமியா கிட்னா அதுல வர்ற நட்சத்திர ஸ்க்ரூ எல்லாம் ஜிஸ் (JIS), அதாவது ஜப்பான் அளவு, சாதாரண பிலிப்ஸ் டிரைவர் அதுல சரியா உக்காராது. டிஜிட்டல் வெர்னியர், 3 எம்எம் ரீமர் (ஓட்டைய சரியான அளவுக்கு சுரண்டற டூல்), ரைடு ஹைட் (தரைல இருந்து சேஸி உயரம்) கேஜ், கேம்பர் (வீல் சாயற கோணம்) கேஜ், அப்புறம் நிஜமாவே சமதளமான ஒரு போர்டு. டைனிங் டேபிள் சமதளம் இல்லங்க, நம்பாதீங்க.

சேஸி கார்பன்னா அசெம்பிளிக்கு முன்னாடி ஓரத்த உப்புத்தாள் போட்டு லேசா உருட்டி விட்டுட்டு சிஏ பசைய (சூப்பர் குளூ) மெலிசா ஓட்டி விடுங்க, இல்லன்னா எதுலயாவது மோதுனா ஓரம் அடுக்கடுக்கா பிரியும். தேய்க்கறப்போ தண்ணி தொட்டு தேய்ங்க, அந்த தூசி நுரையீரலுக்கு நல்லதில்ல. இன்னொண்ணு, கார்பன்ல கரண்ட் பாயும், அதனால பேட்டரி ஒயர் எதுவும் உரிஞ்சு போய் சேஸில தொடாம பாத்துக்கணும்.

டிஃப்ல இருந்து ஆரம்பிப்போம். நிறைய பேரு இங்கதான் அவசரப்படுறாங்க. ஓ-ரிங்க அப்படியே வறட்டுனு மாட்டாதீங்க, சிலிகான் கிரீஸ் தடவி மாட்டணும். கேஸ்கெட் மடங்காம உக்காரணும். சின்ன கியர்கள்ல அச்சுல இருந்து வந்த பிசிறு இருந்தா பிளேடால சீவிடுங்க. ஆயில், கிராஸ் பின் மூழ்கற அளவுக்கு ஊத்தி, ரெண்டு பக்கமும் மெதுவா சுத்தி, குமிழி எல்லாம் மேல வர்ற வரைக்கும் மூடாம வச்சிருங்க. ஆயில் ஊத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் டிஃப்ப சின்ன தராசுல வச்சு எத்தனை கிராம் ஏறுச்சுன்னு எழுதி வச்சுக்கங்க, அடுத்த தடவ ஆயில் மாத்தறப்போ அதே அளவு ஊத்தலன்னா அதே டிஃப் வேற மாதிரி நடந்துக்கும். மூடி ஸ்க்ரூவ எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். திக்னஸ் பொதுவா 3000ல இருந்து 10000 சிஎஸ்டி (ஆயில் கெட்டி அளவு) வரைக்கும் போடுவாங்க, 5000ல ஆரம்பிங்க. ஆயில் மெலிசா இருந்தா வளைவுல பின்பக்கம் நல்லா ஒட்டும், ரொம்ப மெலிசாயிட்டா வளைவ விட்டு வெளிய வர்றப்போ உள்பக்க டயர் சும்மா சுத்தி வேகத்த தின்னுடும்.

முன்னாடி ஸ்பூல்ங்கறது ரெண்டு வீலையும் ஒண்ணா பூட்டிடற சமாச்சாரம். பிரேக் அடிக்கறப்போ கார் நேரா நிக்கும், ஆக்சிலரேட்டர் கொடுத்தா முன்பக்கம் நல்லா இழுக்கும், ஆனா முழுசா ஸ்டியரிங் திருப்பறப்போ வீல் தடதடன்னு உதறும். அதுக்குத்தான் முன்னாடி டபுள் ஜாயின்ட் ஷாஃப்ட் வருது. பெல்ட் டென்ஷன் ரொம்ப டைட் வேண்டாம், விரலால அழுத்துனா கொஞ்சம் அமுங்கணும், அதே சமயம் திடீர்னு திராட்டில் கொடுத்தா பல்லு தாண்டக்கூடாது. மோட்டார் மாட்டாம ஸ்பர் கியர (மோட்டார் சுத்தி விடற பெரிய பல்சக்கரம்) கையால சுத்தி பாருங்க, எங்கயாவது ஒரு இடத்துல மட்டும் இறுகுதுன்னா பேரிங் சரியா உக்காரல, இல்ல பல்க்ஹெட் (டிஃப்பையும் ஸ்பூலையும் தாங்கற பிளாக்) கோணலா இருக்கு. அத சரி பண்ணாம அடுத்த ஸ்டெப்புக்கு போகாதீங்க.

லோக்டைட் (ஸ்க்ரூ கழலாம இருக்க போடற பசை), அதுவும் நீல கலர், உலோகத்துல உலோகம் போற இடத்துக்கு மட்டும்தான். பிளாஸ்டிக்ல பட்டா சில பிளாஸ்டிக் வெடிச்சிடும். பிளாஸ்டிக்ல போற ஸ்க்ரூவ ஓவரா முறுக்கினா மரை போயிடும், தலை உக்காந்ததும் நிறுத்திடுங்க.

சஸ்பென்ஷன் ஆர்ம் மாட்டறப்போ தான் கிட்டோட உண்மையான குணம் தெரியும். ஹிஞ்ச் பின்ன போட்டு, ஷாக் எதுவும் மாட்டாம, ஆர்ம மேல தூக்கி விடுங்க. சொந்த எடையிலேயே பொத்துனு கீழ விழணும். பாதில நின்னாலோ மெதுவா இறங்குனாலோ ஓட்டைக்குள்ள 3 எம்எம் ரீமர கையால ரெண்டு சுத்து சுத்தி திரும்ப பாருங்க, டிரில் போட்டுடாதீங்க, அப்புறம் ஆட்டம் வந்துடும். சரியான அளவு என்னன்னா, தானா விழணும், ஆனா முன்னும் பின்னும் அசைச்சா கடகடன்னு ஆடக்கூடாது. முன்பின் ஆட்டத்துக்கு மெலிசு ஷிம் வாஷர் போடலாம், 0.1 எம்எம் ஷிம் கூட போட்டதுக்கு அப்புறம் விழுதான்னு திரும்ப செக் பண்ணணும். நாலு ஆர்மும் ஒரே மாதிரி விழறவரைக்கும் உக்காந்து பண்ணுங்க, ஒரு சாயங்காலம் முழுக்க போனாலும் பரவால்ல, காசு போட்டு வாங்குன மோட்டார விட இதுதான் லேப் டைம குறைக்கும்னு அடிச்சு சொல்றேன்.

டர்ன்பக்கிள்ல, அதாவது நீளத்த கூட்டி குறைக்கற திருகு கம்பில, ஒரு பக்கம் வலது மரை, இன்னொரு பக்கம் இடது மரை. எல்லாத்தையும் ஒரே திசைல மாட்டுங்க, அப்பதான் டிராக்ல கார் ஓரமா குனிஞ்சுக்கிட்டு எந்தப் பக்கம் திருப்பறதுன்னு யோசிக்க வேண்டியதில்ல. ரெண்டு பக்க நீளத்தையும் வெர்னியர்ல வச்சு சமமாக்கிட்டு மாட்டணும். பால் கப் (கம்பி நுனில பந்து மாட்டற பிளாஸ்டிக் கிண்ணம்) டைட்டா இருந்தா ப்ளையர்ஸால லேசா ஒரு அமுக்கு.

ஷாக்குக்கு வருவோம். ஷாஃப்ட்ட பிளாஸ்டிக் எண்டுல திருகறப்போ வெறும் ப்ளையர்ஸால பிடிச்சிடாதீங்க, ஒரு கீறல் விழுந்தா போதும், சீல் கிழிஞ்சு ஆயில் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். ஆயில் 300ல இருந்து 450 சிஎஸ்டி வரைக்கும் சாதாரணமா ஓடும். ஊத்திட்டு பிஸ்டன மெதுவா மேலயும் கீழயும் ஆட்டுங்க, குமிழி கிளம்பும், அப்படியே நிக்க வச்சுட்டு வேற வேலை பாருங்க, கொஞ்ச நேரம் கழிச்சு வந்து குமிழி நின்னிருந்தா மூடலாம். மூடுனதும் ஷாஃப்ட்ட முழுசா உள்ள தள்ளி விடுங்க, எவ்ளோ தூரம் தானா வெளிய வருதுன்னு பாருங்க. எவ்ளோ வரணுங்கறது மேனுவல்ல இருக்கும், ஆனா இடதும் வலதும் ஒரே அளவு வரணும், அது ரொம்ப முக்கியம். காதுகிட்ட வச்சு அமுக்குனா புளிச் புளிச்னு சத்தம் வந்தா உள்ள காத்து இருக்கு, திரும்ப திறக்க வேண்டியதுதான். நாலு ஷாக்கோட மொத்த நீளத்தையும் அளந்து முன் ஜோடி, பின் ஜோடி தனித்தனியா சமமாக்குங்க.

டாப் டெக் (சேஸிக்கு மேல வர்ற தகடு) போடறப்போ ஒரு ஸ்க்ரூவ முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்கு போனா சேஸி முறுக்கிக்கும். எல்லாத்தையும் லூஸா போட்டு, சேஸிய சமதள போர்டுல வச்சு கையால அழுத்தி பிடிச்சுக்கிட்டு, மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. முடிஞ்சதும் நாலு மூலையிலயும் விரலால தட்டி பாருங்க, எந்த மூலையாவது டக்கு டக்குனு ஆடுச்சுன்னா திரும்ப கழட்டி மாட்டுங்க.

எலக்ட்ரானிக்ஸ் பெரிய விஷயம் இல்ல. செர்வோவ (ஸ்டியரிங்க திருப்பற சின்ன மோட்டார்) ரிசீவர்ல கனெக்ட் பண்ணி, டிரிம் எல்லாம் பூஜ்யத்துல வச்சு, அது நடுவுக்கு வந்ததுக்கு அப்புறம் தான் செர்வோ ஹார்ன், அதாவது அதோட கைய, மாட்டணும். எண்ட் பாயின்ட்ட ரெண்டு பக்கமும் வீல் ஒரே அளவு திரும்பற மாதிரி செட் பண்ணுங்க, செர்வோ எல்லைக்கு போய் ங்ங்ங்னு முனகுனா குறைச்சிடுங்க. இஎஸ்சிய ட்ரான்ஸ்மிட்டரோட கேலிபிரேட் பண்ணுங்க: நியூட்ரல், ஃபுல் திராட்டில், ஃபுல் பிரேக். வரிசை மேனுவல்ல இருக்கும். சிக்னல் கட்டானா கார் நிக்கற மாதிரி ஃபெயில் சேஃபும் வச்சிடுங்க. ஒயர் பத்த வைக்க நல்ல பவரான அயர்னும் தடிமனான டிப்பும் வேணும், மெல்லிசு டிப்ப வச்சு ரொம்ப நேரம் சூடு காட்டுனா மோட்டாரோட டேபும் (ஒயர் பத்த வைக்கற உலோக நாக்கு) இன்சுலேஷனும் வீணா போகும். எந்தப் பொருள எங்க ஒட்டறதுங்கறத மட்டும் யோசிச்சு பண்ணுங்க: பேட்டரி ஒரு பக்கம், மோட்டாரும் இஎஸ்சியும் மறுபக்கம், இடது வலது எடை சமமா வரணும். குறையற பக்கம் சின்ன எடை ஒட்டி சரி பண்ணலாம்.

பினியன், அதாவது மோட்டார் ஷாஃப்ட்ல வர்ற சின்ன கியர், ஸ்பரோட பல்லுல சேர்ற மெஷ் மயிரிழை கேப்போட இருக்கணும். ஸ்பர பிடிச்சு அசைச்சா துளி ஆட்டம் தெரியணும். ஒரு முழு சுத்துலயும் பல இடத்துல பாருங்க, ஏன்னா ஸ்பர் கியர் எப்பவுமே கச்சிதமான வட்டமா இருக்காது. பினியனும் ஸ்பரும் ஒரே பிட்ச்சா (பல்லு அளவு) இருக்கணும், 48ஓட 64 சேராது. கியர் ரேஷியோ கணக்கு சிம்பிள், ஸ்பர பினியனால வகுத்து காரோட இன்டர்னல் ரேஷியோவால பெருக்கணும். ஸ்பர் 96, பினியன் 42, இன்டர்னல் 1.9ன்னா 4.34 வரும். பினியன 40 ஆக்குனா 4.56, டாப் ஸ்பீடு குறையும், கிளம்பறது சுறுசுறுப்பா இருக்கும், மோட்டார் சூடும் பெரும்பாலும் குறையும். அதே டிராக்ல அதே மோட்டார் ஓட்டறவங்ககிட்ட அவங்க ரேஷியோவ கேட்டுட்டு, அதவிட கொஞ்சம் பெரிய நம்பர்ல ஆரம்பிங்க.

இப்ப செட்டப். பேட்டரி உட்பட ரேஸ்ல போற எல்லாத்தையும் ஏத்திட்டு தான் அளக்கணும், ஆன்ட்டி ரோல் பார (இடது வலது சஸ்பென்ஷன இணைக்கற கம்பி) கழட்டி வச்சுக்கங்க. முதல்ல டிரூப், அதாவது சேஸிய தூக்கறப்போ வீல் எவ்ளோ தொங்குதுங்கறது, இடது வலது சமம். அப்புறம் ரைடு ஹைட் 5ல இருந்து 5.5 எம்எம். கேம்பர் நாலு வீலுக்கும் மைனஸ் 1.5ல இருந்து 2 டிகிரிக்குள்ள. டோ, அதாவது மேல இருந்து பாத்தா வீல் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கற கோணம், பின்னாடி உள்பக்கமா (டோ-இன்) 3 டிகிரி, முன்னாடி பூஜ்யத்துல இருந்து 1 டிகிரி வரைக்கும் வெளிய. ரைடு ஹைட்ட தொட்டா கேம்பரும் மாறிடும், அதனால ஒரு ரவுண்டு திரும்ப பாக்கணும்.

கடைசியா ட்வீக், அதாவது இடது வலது வீல் மேல எடை சமமா விழாம இருக்கற கோளாறு. கத்தி முனைய சேஸியோட முன்பக்கம் சரியா நடுவுல வச்சு மெதுவா தூக்குங்க. ரெண்டு முன் வீலும் ஒரே நேரத்துல போர்ட விட்டு எழும்பணும். இடது வீல் முதல்ல எழும்புனா கோளாறு பின் ஷாக்ல, பின் இடது ஷாக்கோட ஸ்ப்ரிங் காலர கொஞ்சம் லூஸ் பண்ணி பின் வலத அதே அளவு டைட் பண்ணுங்க. பின்பக்கம் தூக்கி பாத்து முன் ஷாக்க சரி பண்ணுங்க. இது சரியானதுக்கு அப்புறம் ஆன்ட்டி ரோல் பார மாட்டி திரும்ப தூக்கி பாருங்க, இப்ப மாறுச்சுன்னா பாரோட லிங்க் நீளம் சமமா இல்லன்னு அர்த்தம்.

பாடி பாலிகார்பனேட், பெயின்ட் உள்பக்கம் தான் அடிக்கணும், வெளிர் கலர் பின்னாடி வர்ற மாதிரி டார்க் கலர முதல்ல. பாடிய மாட்டற ஓட்டைய பாடி ரீமரால போடுங்க, முன்பக்க பாடி சேஸிய விட தாழ்ந்து தரைய உரசக்கூடாது. வீல் ஆர்ச் டயர்ல படுதான்னு ஸ்டியரிங்க முழுசா திருப்பி, சஸ்பென்ஷன அமுக்கி பாக்கணும்.

டிராக்ல முதல் ரெண்டு மூணு லேப் மெதுவா போய்ட்டு உள்ள கொண்டாந்து மோட்டார் சூட்ட பாருங்க. ரேஸ் பெரும்பாலும் 5 நிமிஷம், முடியறப்போ 70, 80 டிகிரி செல்சியஸ்னா நிம்மதி, 90ஐ தாண்டுனா பல்லு கம்மியான பினியன் போடுங்க. கார் திரும்பாம அகலமா போச்சுன்னா முன் ஸ்ப்ரிங்க சாஃப்டாக்குங்க, இல்ல முன் ரோல் பார. பின்பக்கம் வழுக்குனா பின் ஸ்ப்ரிங்க சாஃப்டாக்குங்க. கிரிப் ஜாஸ்தியாகி வளைவுல கவுந்துச்சுன்னா முன் டயரோட வெளிச்சுவர்ல சிஏ பசைய மெலிசா தடவி காய விடுங்க. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாத்தம், அதையும் எழுதி வச்சுக்கங்க. மூணு விஷயத்த சேத்து மாத்திட்டு வேகமாயிடுச்சுன்னா எதனாலன்னு கடைசி வரைக்கும் தெரியாது. டயர் தேயறதையும் கவனிங்க, உள்ஓரம் மட்டும் தேஞ்சா கேம்பர் அதிகம்.

பேட்டரி 2எஸ், அதாவது ரெண்டு செல், லைப்போ, முழு சார்ஜ் 8.4 வோல்ட், அதுக்கு மேல ஒரு புள்ளியும் ஏத்தாதீங்க, சார்ஜ் பண்றப்போ லைப்போ பையில போட்டு கண்ணு முன்னாடியே வச்சுக்கங்க. வீட்டுக்கு வந்ததும் செல்லுக்கு 3.8 வோல்ட்ல ஸ்டோரேஜ் போட்டு வச்சிடுங்க, ஃபுல் சார்ஜோட வாரக்கணக்குல கிடந்தா பேட்டரி உப்பிடும், உப்புன பேட்டரிய திரும்ப கார்ல போடாதீங்க.