இரண்டு ப்ராசஸர் சர்வரில் லிங்க் பிழைகளைக் கண்காணிப்பது எப்படி?

சேலத்தில் ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களும் சின்ன டிசைன் அலுவலகங்களும் பழைய இரட்டை ப்ராசஸர் சர்வர்களை வாங்கிப் போடுகிறார்கள். "கோர் நிறைய இருக்கு, ரேம் நிறைய இருக்கு, வேகம் மட்டும் வரலண்ணா" என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது லிங்க்குகளை, அதாவது பாகங்களுக்கிடையே தரவு போய்வரும் பாதைகளை.

ப்ராசஸர்களை ஒன்றோடொன்று இணைப்பது ஒரு வகை லிங்க். இன்டெல் இதற்கு 2008-ல் க்யூபிஐ-யையும், 2017-ல் யூபிஐ-யையும் கொண்டுவந்தது. ஏஎம்டி-யில் இப்போது இன்ஃபினிட்டி ஃபேப்ரிக். கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, என்விஎம்இ வகை எஸ்எஸ்டி எல்லாம் பிசிஐஇ லிங்க்கில் வருகின்றன. இவை எல்லாவற்றிலும் தரவோடு சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணும் போகும். அது பொருந்தாவிட்டால் ஹார்டுவேரே மறுபடி அனுப்பிவிடும். தரவு கெடாது, புரோகிராமுக்கும் தெரியாது; நேரம் மட்டும் வீணாகும். நாமாகத் தேடிப் பார்த்தால்தான் இது கண்ணில் படும்.

படி 1: அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

லினக்ஸ் டெர்மினலில் 'எல்எஸ்சிபியு' கட்டளை எத்தனை சாக்கெட் (ப்ராசஸர் அமரும் இடம்), எத்தனை நியூமா நோடு (சில கோர்களும் அவற்றுக்கு அருகிலுள்ள மெமரியும் சேர்ந்த பகுதி) என்று காட்டும். 'நியூமாஸ்டாட்' தரும் அட்டவணையில் 'நியூமா மிஸ்' ஏறிக்கொண்டே போனால், கேட்ட இடத்தில் மெமரி கிடைக்காமல் அடுத்த நோடிலிருந்து எடுக்கப்படுகிறது என்று பொருள். அது பிழையல்ல, ஆனால் ப்ராசஸர்களை இணைக்கும் சாக்கெட் லிங்க்கில் நெரிசலைக் கூட்டும்.

படி 2: வேகமும் அகலமும்

'எல்எஸ்பிசிஐ' கட்டளையை ரூட் அனுமதியோடு, இரண்டு 'வி' சேர்த்து ஓட்டுங்கள். 'லிங்க்கேப்' என்பது கார்டின் தகுதி. 'லிங்க்ஸ்டா' என்பது இப்போது கிடைப்பது. லேன் என்பது லிங்க்கில் உள்ள தனித்தனித் தரவுத் தடம்; 16 லேன் கார்டு 8 லேனில் ஓடினால் விசாரிக்க வேண்டும். அந்த ஸ்லாட்டுக்கே 8 லேன்தான் இழுத்திருக்கிறார்களா என்று மதர்போர்டு கையேட்டில் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டுகள் சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்த வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதனால் வேலை கொடுத்துவிட்டுப் பார்ப்பதே சரி.

படி 3: பிழை விகிதம்

'சிஸ்' டைரக்டரியில் ஒவ்வொரு பிசிஐ சாதனத்தின் ஃபோல்டரிலும் 'ஏஇஆர்_டெவ்_கரெக்டபிள்' என்ற கோப்பு இருக்கும் (ஏஇஆர் என்ற பிழை அறிவிப்பு வசதி உள்ள சாதனங்களுக்கு மட்டும்). 'பேட் டிஎல்பி' (பிழையோடு வந்த தரவுப் பொட்டலங்கள்), 'பேட் டிஎல்எல்பி' (பிழையோடு வந்த லிங்க் கட்டுப்பாட்டுப் பொட்டலங்கள்) வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முறை பார்த்த எண்ணை வைத்து எதுவும் சொல்லிவிடாதீர்கள். 500 பிழை ஒரு மாதத்தில் சேர்ந்ததா, ஒரு மணி நேரத்தில் சேர்ந்ததா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு முறை எடுத்து, வித்தியாசத்தை நேரத்தால் வகுங்கள். ரீபூட் செய்தால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும்.

ஐந்தாம் தலைமுறை வரை பிசிஐஇ விதி அனுமதிக்கும் உச்சவரம்பு ஒரு லட்சம் கோடி பிட்டுக்கு ஒரு பிழை. மூன்றாம் தலைமுறையில் ஒரு லேன் வினாடிக்கு 800 கோடி பிட் அனுப்பும். ஆக லேனுக்கு 125 வினாடிக்கு ஒன்று. ஆனால் இதைத் தாண்டும்வரை காத்திருக்காதீர்கள். நல்ல லிங்க்கில் நாள்கணக்கில் பூஜ்யமே நிற்கும்.

படி 4: சாக்கெட் லிங்க்

இன்டெல் சர்வரில் 'பிசிஎம்' கருவி யூபிஐ எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். பிழைகளுக்கு 'ராஸ்டெமன்' நிறுவி ஓடவிடுங்கள். ஹார்டுவேர் சொல்லும் பிழைகளை நேரத்தோடு பதிவுசெய்யும்.

படி 5: காரணம் தேடுவது

பிழை எண்ணோடு வெப்பநிலையையும் ஒரே தாளில் எழுதுங்கள். சேலத்து ஏப்ரல், மே மதியங்களில் ஏசி நின்றால் அறை எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கருப்பூர்ப் பக்கம் மேக்னசைட் சுரங்கங்களை ஒட்டி இருப்பவர்கள் ஸ்லாட்டில் தூசி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏற்காடு குளிர்ச்சிதான் என்றாலும் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு; அதே வேகத்தில் சுற்றும் ஃபேன் அங்கே குறைவான வெப்பத்தையே வெளியேற்றும். மலைக்குளிரிலிருந்து கீழே இறக்கிய சர்வரை உடனே ஆன் செய்யாதீர்கள், ஈரம் கோத்திருக்கும்.

அதன்பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். பிழை கார்டோடு சேர்ந்து நகர்ந்தால் குறை கார்டில். பழைய ஸ்லாட்டிலேயே வேறு கார்டிலும் வந்தால் குறை ஸ்லாட்டில். ஒரே ப்ராசஸரைச் சேர்ந்த ஸ்லாட்டுகள் எல்லாவற்றிலும் வந்தால், அந்தப் ப்ராசஸரைக் கழற்றி, சாக்கெட்டில் பின் ஏதாவது வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.