பூனியான், முனி, மோகினி: தோட்டத்துக் கதைகளைப் பதிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பிள்ளைகள் பாட்டி தாத்தா சொல்லும் தோட்டத்துக் கதைகளைக் கைப்பேசியில் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். இப்போது விட்டால் பிறகு கிடைக்காத விஷயம் இது. விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர்களில் பலருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பதிவுகளைக் கேட்டால் மனம் நிறைகிறது, சில இடங்களில் பதைக்கவும் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாதவர்களோடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு மக்களும் ஒரு முறை வைத்திருந்தார்கள். கதைகளின் உயிர் அந்த முறையில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் பயம்.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு, எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டுவது. மலாய்க்காரர்கள் பூனியான் என்று சொல்வது காட்டுக்குள் மறைந்து வாழும் ஒரு சமூகத்தை. அவர்களுக்கு வீடு வாசல் உண்டு, ஊர்ப் பெரியவர் உண்டு, கல்யாணம் காட்சி உண்டு. பார்க்க நம்மைப் போலத்தான் இருப்பார்கள், மேலுதட்டுக்கு நடுவில் உள்ள பள்ளம் மட்டும் இருக்காது என்பார்கள். பொந்தியானாக் அப்படி இல்லை, அது பிள்ளைப்பேற்றோடு சேர்ந்த ஆவி. முனி நம் முன்னோர்களோடு கப்பலேறி வந்த காவல் தெய்வம். மோகினி இன்னொரு கதை. இந்த நாலையும் 'தோட்டத்துப் பேய்கள்' என்று ஒரே தலைப்பில் போட்டால், பாட்டி இவ்வளவு நேரம் பிரித்துப் பிரித்துச் சொன்னது வீணாகிவிடும்.

கதை ஒத்துப்போனால் ஆளும் ஒன்றுதான் என்று முடிவு கட்டுவதும் இதோடு சேர்ந்த தவறுதான். கெண்டுரி விருந்துக்குத் தட்டு, கிண்ணம் போதாவிட்டால் குகை வாசலில் போய்க் கேட்டால் பூனியான்கள் இரவல் தருவார்கள், ஒரு முறை யாரோ ஒழுங்காகத் திருப்பித் தராததால் அதோடு நிறுத்திவிட்டார்கள் என்று கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், சொல்வார்கள். இங்கிலாந்தின் சர்ரே வட்டாரத்தில் பிரென்ஷம் என்ற ஊர்த் தேவாலயத்தில் இன்றும் ஒரு பெரிய செம்புக் கொப்பரை இருக்கிறது. அது மறைவானவர்களிடம் இரவல் வாங்கியதாம். ஒரு கல்லைத் தட்டி, என்ன வேண்டும், எப்போது திருப்பித் தருவோம் என்று சொன்னால் பதில் குரல் வருமாம். ஒரு தடவை தவணை தவறியதால் கொப்பரையை அவர்கள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, அப்புறம் யாருக்கும் எதுவும் கொடுக்கவும் இல்லை. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஜான் ஆப்ரி இதை எழுதி வைத்திருக்கிறார். இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் பூனியானைச் சர்ரேக்காரர்களின் உறவுக்காரர் ஆக்கிவிடக் கூடாது. பூனியான்களில் பலர் தொழுகை செய்யும் முஸ்லிம்கள் என்று மலாய்க்காரர்கள் நம்புகிறார்கள். ஐஸ்லாந்தின் 'மறைந்த மக்கள்' ஆடு மேய்த்துத் தேவாலயத்துக்குப் போகிறவர்கள். அந்தந்த மண்ணின் வாழ்க்கைதான் அவர்களுக்கும்.

அடுத்தது, படத்தில் பார்த்ததைப் பரம்பரை நம்பிக்கை என்று எழுதுவது. பூனியானை வரையச் சொன்னால் பிள்ளைகள் உடனே பட்டாம்பூச்சி இறக்கை வைத்துவிடுகிறார்கள். அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புறக் கதைகளில் வரும் மறைவானவர்களுக்குக்கூட இறக்கை கிடையாது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓவியர்கள் வைத்த இறக்கை அது, பிறகு மேடை நாடகங்கள் அதைப் பரப்பின. 1917-இல் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் இரண்டு சிறுமிகள் எடுத்த புகைப்படங்களில் இருந்ததும் அந்த இறக்கை உருவங்கள்தான். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் அவற்றை உண்மை என்று நம்பி 1920-இல் பத்திரிகையில் எழுதினார். அட்டையில் வெட்டி, தொப்பி ஊசியால் குத்தி நிறுத்தி வைத்தோம் என்று அந்த இருவரும் ஒப்புக்கொண்டது 1983-இல்தான்.

பொந்தியானாக்கின் கதையும் இப்படித்தான் மாறியிருக்கிறது. வால்டர் ஸ்கீட் 1900-இல் வெளியிட்ட மலாய் நம்பிக்கைகள் பற்றிய நூலில், பிரசவத்தில் இறந்த தாயின் ஆவிக்குப் பெயர் லாங்சுயிர், இறந்து பிறந்த குழந்தைதான் பொந்தியானாக். இன்று எல்லாருக்கும் பொந்தியானாக் என்றால் வெள்ளை உடையும் விரித்த கூந்தலுமாக வரும் பெண். 1957-இல் கேத்தே-கெரிஸ் படநிறுவனத்துக்காக, இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் இயக்கிய 'பொந்தியானாக்' படமும், அதன் வெற்றிக்குப் பின் வந்த படங்களும் அவளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அதனால் உங்கள் பாட்டி பொந்தியானாக்கைப் பற்றிப் பேசினால், அது அவருடைய அம்மா சொன்னதா, கொட்டகையில் பார்த்ததா என்று மெல்லக் கேட்டு அதையும் பதிவில் சேருங்கள். படத்தில் பார்த்ததாக இருந்தாலும் அது ஒரு தகவல்தான்.

காவல் தெய்வத்தைப் பேயாக்குவதை என்னால் பொறுக்கவே முடிவதில்லை. முனீஸ்வரருக்குச் சுருட்டும் படையலும் வைத்துவிட்டு வெளிக்காட்டுக்கு வேலைக்குப் போன ஆட்கள், 'என்னைப் பார்த்துக்கோ சாமி' என்றுதான் கும்பிட்டார்கள். ஏழு கன்னிமாரையும் அப்படித்தான், தாயாக நினைத்துக் கும்பிட்டார்கள். அவர்களைத் திகில் இசை போட்டுக் காட்டுவது அவமரியாதை. சாலையோரத்துச் சிவப்புக் கூண்டில் இருக்கும் காவல் தெய்வமான டத்தோ கோங்குக்கும் இதே மரியாதை வேண்டும். உள்ளே பெரும்பாலும் சொங்கோக் என்ற மலாய்த் தொப்பி அணிந்த பெரியவர் உருவம் இருக்கும், முன்னால் வெற்றிலை பாக்கு, சாம்பிராணிப் புகை. கும்பிடுகிறவர்கள் பெரும்பாலும் சீனர்கள், ஆனாலும் டத்தோ மலாய்க்காரர் என்பதால் பன்றி இறைச்சி மட்டும் வைக்க மாட்டார்கள். அடுத்தவர் சாமிக்கு எது ஆகாது என்று தெரிந்து நடப்பதை இவ்வளவு அழகாகக் காட்டும் இன்னொரு இடம் எனக்குத் தெரியாது.

கேட்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. "பாட்டி, ஒரு பேய்க் கதை சொல்லுங்க" என்றால் பேய்க் கதைதான் வரும். "காலையில் பால்மர நெரைக்குத் தனியாவா போவீங்க? எந்த மரத்துக்கிட்ட பேசாம நடப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, அவர் ஒரு பேரைச் சொல்லத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். அயர்லாந்துக்காரர்களும் மறைவானவர்களை நேரடியாகப் பெயர் சொல்லாமல் 'நல்லவர்கள்' என்றுதான் சொல்வார்கள். தயக்கத்தையும் அப்படியே பதிவு செய்யுங்கள்.

இனி சொல்லப்போவதில் உயிரே அடங்கியிருக்கிறது. நோயைக் கதையாக்கக் கூடாது. 1895 மார்ச்சில் அயர்லாந்தின் திப்பெரேரியில் பிரிட்ஜெட் கிளியரி என்ற 26 வயதுப் பெண் உடம்பு சரியில்லாமல் படுத்தார். டாக்டர் வந்து பார்த்து மருந்தும் கொடுத்தார். ஆனால் கணவர் மைக்கேல், இவள் என் மனைவி இல்லை, மறைவானவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போய் வேறு ஒருத்தியை விட்டுவிட்டார்கள் என்று நம்பத் தொடங்கினார். பாலில் காய்ச்சிய மூலிகையை அந்தப் பெண்ணின் வாயில் வலுக்கட்டாயமாக ஊற்றினார்கள். அமுக்கிப் பிடித்துக்கொண்டு, நீ பிரிட்ஜெட்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அடுத்த நாள் இரவு, சொந்த வீட்டில், அப்பாவும் உறவினரும் இருக்கும்போதே கணவர் அவரை எரித்தார். பிறகு உண்மையான மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள் என்று மறைவானவர்களின் இடமாக நம்பிய பழைய மண்கோட்டையருகே காத்திருந்தார். ஒரு வாரம் கழித்துத்தான் உடல் கிடைத்தது. கணவருக்கு 20 ஆண்டு தண்டனை விதித்தார்கள், 15 ஆண்டு சிறையில் இருந்தார்.

பச்சை உடம்புக்காரியின் தலைமாட்டில் இரும்புத் துண்டும் வேப்பிலையும் வைப்போம். ஸ்காட்லாந்தில் தொட்டிலுக்குக் குறுக்கே இரும்பு இடுக்கியை வைத்தார்கள். இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை, பதிவு செய்ய வேண்டிய வழக்கங்கள். ஆனால் பிள்ளை பெற்ற பெண் தூக்கமில்லாமல் தனக்குள் பேசிக்கொண்டிருந்தால், குழந்தையைக் கண்டு மிரண்டால், 'மோகினி பிடிச்சிருக்கு' என்று சொல்லி அடிப்பதும் பட்டினி போடுவதும் போமோ என்ற மலாய் மந்திரவாதியைத் தேடி நாள் கடத்துவதும் கூடவே கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இது மருத்துவம் உள்ள நோய். கதையைப் பதிவு செய்து வெளியிடும்போதும் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இடம் சொல்லாமல் கதையை மட்டும் போடாதீர்கள். 1950-களில் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் துண்டாடல் தொடங்கியதிலிருந்து நம் ஆட்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் என்ற குடியிருப்பு வந்தது. அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் 1999-இல் புதுச்சாலைக்காக ஒரு முள்மரத்தை வெட்ட இருந்தார்கள். அது மறைவானவர்கள் கூடும் இடம் என்று எடி லெனிஹன் என்ற கதைசொல்லி குரல் கொடுத்தார், மரம் தப்பியது. எந்த மரம், எந்தத் திருப்பம் என்று ஒருவருக்குத் தெரிந்திருந்ததால்தான் அதை வெட்டாதீர்கள் என்று கேட்க முடிந்தது. அதனால் ஒவ்வொரு பதிவிலும் தோட்டத்தின் பெயர், எத்தனையாவது டிவிஷன், லயத்து வீடுகளிலிருந்து எந்தப் பக்கம், ஆறா ஓடையா குகையா, சொன்னவர் அதை யாரிடம் கேட்டார், அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பதையெல்லாம் எழுதுங்கள். முடிந்தால் பாட்டியைக் காரில் உட்கார வைத்து அங்கேயே கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.