சண்டைக்கு முன்பே தோற்பது எப்படி: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் நாம் செய்யும் தவறுகள்

ஊர் கட்டி, படை திரட்டி மோதும் கம்ப்யூட்டர் கேமான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐ ஆன்லைனில் ஆடித் தோற்றவரிடம் ஏன் தோற்றீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "அவன் கை வேகம், நம்ம கை வேகம் இல்ல" என்பார். நானும் பல வருடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். 1999-ல் வந்த பழைய பதிப்பை பிரவுசிங் சென்டரில் நாலு கம்ப்யூட்டரை இணைத்து ஆடிய காலத்திலும் சரி, 2019-ல் டெஃபினிட்டிவ் எடிஷன் வந்து ரேட்டிங் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்த காலத்திலும் சரி, பழி முழுக்க விரல்கள் மேல்தான். அப்புறம் ஒருநாள், தோற்ற ஆட்டங்களின் ரெக்கார்டிங்கை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். முதல் அம்பு பறப்பதற்குப் பத்து நொடி முன்பே பெரும்பாலான சண்டைகளில் நான் தோற்றுவிட்டிருந்தேன். தவறான இடத்தில், தவறான நேரத்தில், பாதிப் படையோடு போய் நின்றுவிட்டு அதற்குமேல் எவ்வளவு வேகமாக கிளிக் செய்தும் பிரயோஜனமில்லை.

பாதிப் படை என்றேனே, அதுதான் தவறுகளுக்கெல்லாம் அண்ணன். உங்களிடம் 40 ஆர்ச்சர் (வில்வீரர்), எதிரியிடமும் 40 ஆர்ச்சர், அப்கிரேடும் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 40 பேரில் 20 பேர் முன்னால் நிற்கிறார்கள், மீதி 20 பேர் வீட்டிலிருந்து நடந்து வந்துகொண்டிருக்கிறார்கள். மொத்தக் கணக்குச் சமம்தானே, இரண்டு பக்கமும் சேர்ந்து அழியும் என்று தோன்றும். அப்படி நடக்காது. தூரத்திலிருந்து சுடும் படைகள் மோதும்போது பலம் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும் என்று லான்செஸ்டர் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் முதல் உலகப் போர்க் காலத்திலேயே எழுதிவைத்தார். அந்தக் கணக்குப்படி எதிரியின் 40 பேர் உங்கள் முதல் 20 பேரை முடிக்கும்போது அவர்களில் கிட்டத்தட்ட 35 பேர் உயிரோடு இருப்பார்கள். அடுத்த 20 பேரையும் முடித்த பிறகு 28 பேர் மிச்சம். உங்கள் பக்கம் 40-ம் காலி, அவன் பக்கம் வெறும் 12 பேர் காலி. ஸ்கோரைப் பார்த்துவிட்டு "ஏதோ லேக்" என்று நாம் திட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

இதற்கு முக்கியக் காரணம் பெரும்பாலும் அந்தக் குட்டிக் கொடி, அதாவது புதிதாக உருவாகும் ஆட்கள் நேராகப் போய் நிற்கும் கேதர் பாயின்ட். அதைச் சண்டை நடக்கும் இடத்திலேயே போய் வைப்பது சோம்பேறித்தனமான பழக்கம். கட்டடத்திலிருந்து வெளிவரும் ஒவ்வொரு ஆளும் தனித்தனியாக நடந்துபோய் எதிரிக் கூட்டத்தின் வாயில் விழுவான். கொடியை உங்கள் பக்கம் பாதுகாப்பான ஓர் இடத்தில் வையுங்கள், பத்துப் பதினைந்து பேர் சேர்ந்ததும் மொத்தமாக அனுப்புங்கள். அதுவரை முன்னால் இருக்கும் படை பின்வாங்கி வந்து இவர்களோடு சேர்ந்தாலும் தப்பில்லை. ஆட்டுக்கிடா பின்னால் போவது பயந்து அல்லவே.

அடுத்தது, "நைட்டுக்கு ஈட்டிக்காரன் கவுன்டர்" என்று மனப்பாடம் செய்துவிட்டு ஐந்து ஸ்பியர்மேனை (ஈட்டிக்காரன்) எட்டு நைட் (குதிரைவீரன்) மேல் ஏவுவது. எதற்கு எது கவுன்டர், அதாவது எதை எது முறியடிக்கும் என்பது தலைக்குத் தலை போடும் கணக்கு இல்லை, விலைக்கணக்கு. ஒரு நைட் 60 உணவு, 75 தங்கம். ஒரு ஸ்பியர்மேன் 35 உணவு, 25 மரம். அப்கிரேடு எதுவும் இல்லாமல் ஒன்றுக்கு ஒன்று நிற்க வைத்தால் நைட்தான் ஜெயிக்கும். ஸ்பியர்மேன் ஒரு குத்துக்கு 16 வீதம் நைட்டின் 100 உயிரைக் குறைக்க ஏழு குத்து வேண்டும், அதற்குள் நைட் அவனை ஐந்தே வெட்டில் முடித்துவிடும், அதுவும் வெட்டுக்கு வெட்டு வேகமாக. ஆனால் ஒரு நைட் விலைக்கு இரண்டு ஸ்பியர்மேன் வருவான், அதில் தங்கம் ஒரு பொட்டுகூடச் செலவாகாது. இரண்டு பேர் சேர்ந்து நின்றால் கதையே வேறு. ஆக, ஸ்பியர்மேன் போட முடிவு செய்தால் தாராளமாகப் போடுங்கள், நெருக்கமாக நிறுத்துங்கள், உங்கள் ஆர்ச்சர்களுக்கு முன்னாலேயே நிறுத்துங்கள். இரண்டு ஸ்பியர்மேனை மரம் வெட்டும் இடத்தில் காவலுக்கு விட்டுவிட்டு "கவுன்டர் போட்டுட்டேன்" என்று நிம்மதியாக இருப்பது, பூட்டு வாங்கிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட மாதிரி.

ஆயுதத்தையும் கவசத்தையும் அப்கிரேடு செய்யும் பிளாக்ஸ்மித் பக்கம் போகாமலே ஆளை மட்டும் குவிப்பவர்கள் ஒரு கூட்டம். இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஆர்ச்சரின் தாக்கு 4, ஆர்ச்சருக்குக் கவுன்டரான ஈட்டி எறியும் ஸ்கர்மிஷருக்கு அம்பைத் தாங்கும் கவசம் 3. ஓர் அம்புக்கு 1 சேதம். ஸ்கர்மிஷருக்கு 30 உயிர், எனவே ஒரே ஆளைக் கொல்ல 30 அம்பு. திருப்பி அவன் எறியும் ஈட்டி ஆர்ச்சருக்கு 5 சேதம், ஆறு ஈட்டியில் ஆள் காலி. இப்போது அம்பின் தாக்கைக் கூட்டும் ஃபிளெட்சிங் அப்கிரேடை எடுத்துவிட்டீர்கள், தாக்கு 5. சேதம் 1-லிருந்து 2, அதாவது நேர் இரட்டிப்பு, 30 அம்பு 15 ஆகிவிட்டது. எதிரி உடனே ஆர்ச்சர் கவசத்தின் முதல் அப்கிரேடை எடுத்தால் நீங்கள் மறுபடி 1-க்கே வந்துவிடுவீர்கள். ஒரே ஒரு புள்ளி சேதத்துக்கு இவ்வளவு மதிப்பு. 100 உணவு, 50 தங்கம் செலவழித்து ஃபிளெட்சிங் எடுக்காமல் அந்தக் காசில் இரண்டு ஆர்ச்சர் கூடுதலாகப் போட்டேன் என்று பெருமைப்படுபவரோடு சண்டைபோட எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இடம். மேட்டிலிருந்து கீழே அடித்தால் 25 சதவீதம் கூடுதல் சேதம், கீழிருந்து மேலே அடித்தால் 25 சதவீதம் குறைவு. சமமான இரண்டு படைகளில் ஒன்று மேட்டில் நின்றால், மேலே இருப்பவன் 125 அடிக்கும் நேரத்தில் கீழே இருப்பவன் 75 அடிக்கிறான். இது தெரிந்தும் மேட்டில் நிற்கும் எதிரியை நோக்கி நேராக ஏறுகிறோம், ஏனென்றால் அவன் அங்கே நிற்கிறான், நமக்கு ரோஷம். அவன் நிற்கட்டுமே. நீங்கள் சுற்றிக்கொண்டு அவன் வில்லேஜர் (வேலையாட்கள்) பக்கம் போனால் தானாக இறங்கி வருவான்.

சரி, மேட்டில் நிற்பது நீங்கள், எதிரி ஓடுகிறான் என்றால்? துரத்தாதீர்கள். 1066-ல் ஹேஸ்டிங்ஸ் போரில் ஹரால்டின் ஆட்கள் குன்றின்மேல் கேடயச் சுவர் கட்டி நின்ற வரைக்கும் நார்மன் குதிரைப்படையால் அதை உடைக்க முடியவில்லை. பின்வாங்கியவர்களைத் துரத்திக்கொண்டு சிலர் கீழே இறங்கியபோது அவர்களைச் சுற்றி வளைத்து வெட்டினார்கள். கேமில் இதன் தினசரிப் பதிப்பு ஒன்று உண்டு. உங்கள் நைட்டுகள் அக்ரெஸிவ் நிலையில் இருக்கின்றன, ஒரே ஒரு வில்லேஜர் ஓடுகிறான், ஆறு நைட்டுகளும் அவனைத் துரத்திக்கொண்டு ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டர் அடிவரைக்கும் போகின்றன, உள்ளே பதினைந்து வில்லேஜர்கள் ஏறி உட்கார்ந்து அம்பு மழை பொழிகிறார்கள். நீங்கள் அந்த நேரம் ஃபார்ம் போட்டுக்கொண்டிருப்பீர்கள். ரெய்டு போன நைட்டை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகும்போது டிஃபென்ஸிவ் நிலைக்கு மாற்றிவிட்டுப் போவது ஒரு நொடி வேலை.

ஓடுவதைப் பற்றி இன்னொன்று. ஆர்ச்சரின் வேகம் 0.96, நைட்டின் வேகம் 1.35. நைட் பக்கத்தில் வந்த பிறகு ஆர்ச்சரைத் திருப்பி ஓடவிட்டால், முதுகைக் காட்டிக்கொண்டு ஒவ்வொருவராகச் சாவதுதான் நடக்கும். பின்வாங்கும் முடிவை நைட் கண்ணில் படும்போதே எடுக்க வேண்டும், தாமதமாகிவிட்டது என்றால் மரக்கூட்டத்தின் ஓரத்திலோ இரண்டு வீடுகளுக்கு இடையிலோ ஒடுங்கி நின்று சுடுவதே மேல். அந்த இடுக்கில் ஒரே நேரத்தில் நாலைந்து நைட்டுக்குமேல் கைவைக்க முடியாது, பின்னால் நிற்பவை இடித்துக்கொண்டு நிற்கும். இதையே திருப்பிப் போட்டால் நைட் ஆடுபவருக்கான எச்சரிக்கை: 30 நைட்டைக் காட்டுச் சந்துக்குள் கூட்டிப் போகாதீர்கள்.

கல் வீசும் எந்திரமான மேங்கொனல் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது. ஒருமுறை எதிரியின் ஸ்கர்மிஷர் கூட்டத்தைக் குறிவைத்து நானே கல் வீசச் சொன்னேன், அதே நொடியில் என் கிராஸ்போக்கள் (ஆர்ச்சரின் அடுத்த நிலை) முன்னேறி அந்த இடத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். இந்த கேமில் மேங்கொனல் கல்லுக்கு நம் ஆள், அவன் ஆள் என்ற பேதம் கிடையாது. பதினெட்டு பேர். டீமில் இருந்த நண்பன் உடனே சாட்டில் 11 என்று அடித்தான் (அடித்தால் கேம் சிரித்துக் காட்டும்), அந்தச் சிரிப்புச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மேங்கொனல் இருந்தால் மற்ற படையை அதற்கு வலமோ இடமோ நிறுத்துங்கள், அதன் முன்னால் வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு, சண்டை நன்றாகப் போகும்போதுதான் பெரிய தவறே நடக்கிறது: அதை வேடிக்கை பார்ப்பது. வாளோசையும் குதிரையோசையும் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு நைட் உருவாக 30 நொடி, உங்களிடம் நைட் உருவாக்கும் ஸ்டேபிள் (குதிரை லாயம்) நாலு இருந்தால் ஒரு நிமிட வேடிக்கையின் விலை எட்டு நைட். எல்லா ஸ்டேபிளையும் ஒரே கீயில் தேர்ந்தெடுக்கும் வசதி டெஃபினிட்டிவ் எடிஷனில் இருக்கிறது, அதைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, மோதல் தொடங்குவதற்கு முன் ஒருமுறை, நடுவில் ஒருமுறை ஆள் போட்டுவிட்டால் போதும். சண்டையில் நீங்கள் தோற்றாலும் அடுத்த படை கதவைத் திறந்துகொண்டு வரும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. 2022-ல் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பு வந்ததிலிருந்து நம்மில் பலர் ஆடுவதற்குக் கண்ணை மூடிக்கொண்டு அதில் வந்த திராவிடர்கள் நாகரிகத்தைத்தான் எடுக்கிறோம். வில்லேஜர் தமிழில் பேசுகிறான், ராஜேந்திர சோழனுக்குத் தனி கேம்பெய்ன் இருக்கிறது, வேறென்ன வேண்டும்! பிரச்சினை எங்கே வருகிறது என்றால், யூடியூபில் பார்த்த நைட் ரஷ் திட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு திறந்தவெளி அரேபியா மேப்பில் இறங்கி, நைட் கிடைக்கும் கட்டமான காசில் ஏஜ் வந்து ஸ்டேபிளைத் திறந்த பிறகுதான் திராவிடர்களுக்கு நைட்டே கிடையாது என்று தெரிகிறது. அவர்கள் பலம் காலாட்படையும் கப்பலும். அடுத்த ஏஜுக்கு ஏறும்போதெல்லாம் 200 மரம் இலவசமாக வரும், பேரக்ஸ் (காலாட்படைக் கட்டடம்) ஆராய்ச்சிகள் பாதி விலை, ஸ்கர்மிஷர் 25 சதவீதம் வேகமாக எறியும். தண்ணீர் மேப்பில் எடுங்கள், அல்லது தரையில் ஸ்பியர்மேனும் ஸ்கர்மிஷரும் சேர்த்து நெருக்கி ஆடுங்கள். திறந்த வெளியில் குதிரையைத் துரத்தும் ஆட்டம் இவர்களுக்கு ஒத்துவராது.

நாலுக்கு நாலு ஆடும்போது மேலே சொன்ன லான்செஸ்டர் கணக்கு இன்னும் கொடூரமாக வேலை செய்யும். ஓரத்தில் இருக்கும் ஃபிளாங்க் ஆளை எதிரிகள் இரண்டு பேர் சேர்ந்து அடிக்கிறார்கள், நடுவில் பத்திரமாக இருக்கும் பாக்கெட் ஆள் "இன்னும் ரெண்டு டவுன் சென்டர் போட்டுட்டு வர்றேன்" என்கிறார். அவர் வரும்போது ஃபிளாங்க் செத்திருப்பான், இவரும் தனியாக இரண்டு பேரிடம் மாட்டுவார். வாய்ஸில் "டேய் ஹெல்ப்" என்று கத்துவதால் யாருக்கும் எதுவும் புரியாது. "மேற்கு மரக்கூட்டம், 12 நைட், 20 ஆர்ச்சர், ஒரு நிமிடம் தாங்குவேன்" என்று சொன்னால் எதைக் கொண்டுவர வேண்டும் என்று பாக்கெட்டுக்குத் தெரியும்.

ரெக்கார்டிங் பார்க்கும்போது ஒரு சின்ன தந்திரம்: உங்கள் பக்கத்தை மூடிவிட்டு எதிரியின் பார்வையை மட்டும் போட்டுப் பாருங்கள். நான் முதலில் அப்படிப் பார்த்த ஆட்டத்தில், மறைந்து வருவதாக நினைத்து 25 கிராஸ்போவோடு மேட்டுக்குப் பின்னால் சுற்றிப் போயிருந்தேன். அவன் திரையில், போகும் வழியில் ஒரு வீடு. அவன் கட்டிவிட்டு மறந்துபோன 25 மரத்து வீடு. அதன் கண்ணில் என் படை முழுவதும் வரிசையாக நடந்துபோகிறது.