100 மில்லியனுக்குள் 15 பேர்: பெஞ்சிலிருந்து தொடங்குங்கள்

மன்னார்குடியில் இருக்கும் என் அக்கா பையன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஃபேன்டஸி பிரீமியர் லீக் என்று ஒரு விளையாட்டு. இங்கிலாந்து கால்பந்து லீக்கின் நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி போடுவோம், அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதற்கேற்ப நமக்குப் பாயின்ட். 2025 ஆகஸ்டில் ஒரு ராத்திரி, "மாமா, டீம் போட்டுட்டேன், ஒரு தடவ பாருங்க" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். ஹாலந்து, சாலா, பால்மர் என்று விலை அதிகமான மூன்று பெரிய தலைகள். மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி இருந்தது. கீழே பெஞ்சில், அதாவது மாற்று ஆட்களாக, நான்கு பேர். அவர்களுக்குச் சொந்த கிளப்பிலேயே பெஞ்சில் இடம் கிடைக்காது.

"இவங்க நாலு பேரும் யாருடா?"

"தெரியல மாமா. காசு தீந்துபோச்சு, விலை கம்மியா இருந்தவங்கள போட்டுட்டேன்."

இரண்டாவது வாரமே அடி விழுந்தது. பால்மர் ஆடும் செல்சி கிளப்பின் ஆட்டம் நம்ம ஊர் நேரத்துக்கு நள்ளிரவு 12.30. அணியை மாற்றுவதற்கான கெடு முடிந்த பிறகு, வார்ம்-அப்பில் பால்மர் வலியென்று விலகிவிட்டார். அந்த வாரம் பையனுடைய டிஃபெண்டர்களில் ஒருவர் வேறு களம் இறங்காமல் போனார். பெஞ்சிலிருந்து உள்ளே வர ஆளே கிடையாது. 11 பேர் ஆட வேண்டிய இடத்தில் 9 பேரோடு வாரத்தை முடித்தான்.

அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஐபிஎல் சமயத்தில் ட்ரீம்11-ல் 100 கிரெடிட்டுக்கு 11 பேரை எடுத்துப் பழகியவர்களுக்கு இதன் அடிப்படை உடனே பிடிபடும். ஆனால் அது ஒரு ஆட்டத்தோடு முடிகிற கதை. ஃபேன்டஸி பிரீமியர் லீக் 38 வாரம் ஓடும். கட்டணம் கிடையாது, பணம் கட்டி ஆடுவதும் இல்லை. காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் தடை செய்துவிட்டது. யாராவது "பணம் போடு, டீம் போடலாம்" என்று லிங்க் அனுப்பினால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

முதலில் விதி, சுருக்கமாக

கையில் 100 மில்லியன் பவுண்டு, கற்பனைப் பணம். அதற்குள் 15 பேர்: கோல்கீப்பர் 2, டிஃபெண்டர் 5, மிட்ஃபீல்டர் 5, ஃபார்வர்டு 3. ஒரு கிளப்பிலிருந்து 3 பேருக்கு மேல் எடுக்க முடியாது. வாரா வாரம் 11 பேர் ஆடுவார்கள், 4 பேர் பெஞ்ச். ஆடும் அணியில் குறைந்தது 3 டிஃபெண்டரும் ஒரு ஃபார்வர்டும் இருக்க வேண்டும்.

பாயின்ட் எப்படி? 60 நிமிடம் ஆடினால் 2, அதற்குக் கீழே என்றால் 1. கோலுக்கு ஃபார்வர்டு 4, மிட்ஃபீல்டர் 5, டிஃபெண்டர் 6. அசிஸ்டுக்கு, அதாவது கோலுக்குப் பந்து கொடுத்தால், 3. கிளீன் ஷீட்டுக்கு, அதாவது அணி கோல் வாங்காவிட்டால், கோல்கீப்பருக்கும் டிஃபெண்டருக்கும் 4, மிட்ஃபீல்டருக்கு 1. மஞ்சள் அட்டைக்கு ஒன்று போகும், சிவப்புக்கு மூன்று போகும். கேப்டன் எடுப்பது இரண்டு மடங்காகும்.

இதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒரே மாதிரி கோல் அடிக்கும் இரண்டு பேரில் ஒருவரை மிட்ஃபீல்டர் என்றும் இன்னொருவரை ஃபார்வர்டு என்றும் விளையாட்டு வகைப்படுத்தியிருந்தால், மிட்ஃபீல்டர்தான் லாபம். அதனால்தான் நான் பெரும்பாலும் 3-5-2 என்று, அதாவது 3 டிஃபெண்டர், 5 மிட்ஃபீல்டர், 2 ஃபார்வர்டு என்று போடுகிறேன்.

படி 1: பெஞ்ச்

எல்லாரும் ஹாலந்திலிருந்து தொடங்குவார்கள். நீங்கள் கடைசி ஆளிலிருந்து தொடங்குங்கள்.

எங்கள் அப்பா சம்பா சாகுபடிக்குக் கணக்கு எழுதும்போது முதல் வரியில் அறுவடை மிஷின் வாடகையை எழுதுவார். உழவே ஓட்டியிருக்க மாட்டார்கள், நாற்றங்கால் கூட விட்டிருக்க மாட்டார்கள், ஆனால் மிஷின் வாடகை முதல் வரியில் இருக்கும். "அது தவிர்க்க முடியாத செலவு, அத எடுத்து வச்சிட்டு மிச்சத்துல நடவு பாரு" என்பார். உரத்துக்கும் கூலிக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, தை மாதம் கதிர் சாயும்போது வட்டிக்கு ஓடியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

பெஞ்சும் அப்படித்தான். நான்கு பேர் கட்டாயம் வேண்டும், பணம் கொடுத்தே ஆக வேண்டும். கேள்வி, எவ்வளவு குறைவாகக் கொடுத்து ஆடுகிற ஆளைப் பிடிப்பது என்பதுதான். இரண்டாவது கோல்கீப்பர் 4.0 மில்லியன். இவர் ஆடாவிட்டாலும் பரவாயில்லை, கோல்கீப்பர்கள் அடிக்கடி மாற மாட்டார்கள். மூன்றாவது ஃபார்வர்டு 4.5. ஒரு டிஃபெண்டர் 4.0, இன்னொரு டிஃபெண்டர் 4.5. மொத்தம் 17.0.

இந்த நான்கில் முக்கியமானவர் அந்த 4.5 டிஃபெண்டர். பெஞ்சின் முதல் இடத்தில் இவரை வையுங்கள். ஆடும் அணியில் கோல்கீப்பர் தவிர யாராவது ஒரு நிமிடம்கூட இறங்காவிட்டால், விளையாட்டே இவரைத் தானாக உள்ளே தள்ளும். எனவே இவர் வாராவாரம் முதல் பதினொன்றில் ஆடுகிறவராக இருக்க வேண்டும். எப்படித் தெரியும்? பெயரைத் தட்டினால் பழைய ஆட்டங்களின் பட்டியல் வரும். அதில் நிமிடங்களைப் பாருங்கள். 90, 90, 88, 90 என்று வந்தால் ஆள் உறுதி. 12, 0, 0, 31 என்று வந்தால், முகம் எவ்வளவு தெரிந்ததாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். சீசன் தொடங்கும் முன் என்றால் போன சீசன் கணக்கையும், பயிற்சி ஆட்டங்களில் யார் முதல் பதினொன்றில் இருந்தார் என்பதையும் பாருங்கள். புதிதாக முதல் பிரிவுக்கு ஏறி வந்த கிளப்களில் இந்த விலைக்கு நிலையாக ஆடுபவர்கள் கிடைப்பார்கள்.

2025-26 சீசனில் வந்த ஒரு விதி இந்த மலிவு ஆட்களுக்குச் சாதகம். ஒரே ஆட்டத்தில் பந்தைத் தட்டிவிடுவது, தடுப்பது, இடைமறிப்பது, எதிராளி காலிலிருந்து பறிப்பது (டேக்கிள்) எல்லாம் சேர்த்து 10 வந்தால் டிஃபெண்டருக்குக் கூடுதலாக 2 பாயின்ட். நாள் முழுக்க அடி வாங்கும் சின்ன கிளப்பின் சென்டர்-பேக் (நடுவில் நிற்கும் டிஃபெண்டர்) ஒருவருக்கு அதை எட்டுவது பெரிய காரியமில்லை. கோல் வாங்கினாலும் 2-ம் 2-ம் நாலு தேறலாம்.

படி 2: நடுத்தட்டு

17 போனால் 83 மிச்சம். இதில் 11 பேர். இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 2025-26 சீசன் தொடக்கத்தில் சாலா 14.5, ஹாலந்து 14.0, பால்மர் 10.5. மூவரையும் எடுத்தால் 39. மிச்சம் 44, ஆள் 8 பேர், சராசரி 5.5. அக்கா பையன் மாட்டியது இங்கேதான். சாலா, ஹாலந்து இருவர் மட்டும் என்றால் 28.5 போய் 54.5 மிச்சம், 9 பேர், சராசரி 6. ஒருவர்தான் என்றால் பத்துப் பேருக்கு ஏறக்குறைய 6.9 வரும்.

5.5-க்கும் 6.9-க்கும் நடுவில் இருப்பதுதான் இந்த விளையாட்டே. 6, 7 விலையில் பெனால்டி அடிப்பவர், கார்னர் எடுப்பவர் கிடைப்பார். 2024-25 சீசனில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் கிறிஸ் வுட் 6.0-க்குத் தொடங்கி லீக்கில் 20 கோல் அடித்தார். அதற்கு முந்தைய சீசனில் இதே பால்மர் 5.0. மான்செஸ்டர் சிட்டியில் வாய்ப்பில்லாமல் இருந்த பையன், செல்சிக்கு மாறி, பெனால்டியும் கைக்கு வந்து, சீசன் முடிவில் 244 பாயின்ட்டோடு எல்லாருக்கும் மேலே நின்றார்.

விலை என்பது போன வருச விளைச்சலுக்குப் போட்டது. சாலா 2024-25-ல் 344 பாயின்ட் எடுத்தார். அதுவரை யாரும் எடுக்காத கணக்கு. அதனால்தான் அடுத்த சீசனில் 14.5. இந்த வருசமும் அதே மகசூல் வரும் என்று யாரும் பட்டா எழுதித் தரவில்லை.

எனவே நடுத்தட்டில் ஆள் பார்க்கும்போது நான் கேட்பது மூன்றே கேள்வி. வாராவாரம் ஆடுகிறாரா? பெனால்டியோ ஃப்ரீ-கிக்கோ அவர் காலுக்கு வருகிறதா? இந்த சீசனில் இடம் மாறி முன்னால் ஆடுகிறாரா? மூன்றாவதற்கு என் பழைய ஆள் ஷெஃபீல்டு யுனைடெட்டின் லண்ட்ஸ்ட்ரம். 2019-20-ல் விலை 4.0, பட்டியலில் டிஃபெண்டர், களத்தில் மிட்ஃபீல்டர். கோல் அடித்தால் 6, அணி கோல் வாங்காவிட்டால் 4. அப்படி ஒருவர் ஒவ்வொரு வருசமும் அகப்பட மாட்டார், ஆனால் தேடிப் பார்க்கலாம்.

படி 3: பெரிய தலையும் கேப்டனும்

பெரிய விலை கொடுப்பதற்கு ஒரே நியாயம் கேப்டன் பட்டைதான். 14 மில்லியனுக்கு வாங்கிய ஆளை வாரம் தவறாமல் கேப்டனாக்கினால்தான் அந்தக் காசு வேலை செய்யும். இருவரை வாங்கினால் ஒரு வாரத்தில் ஒருவருக்குத்தான் பட்டை. மூன்றாவதாக வாங்குபவர் பெரும்பாலும் அலங்காரம். ஒருவர் போதும், ஆசை விடாவிட்டால் இருவர். அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி.

இருவரோடு ஒரு மாதிரி கணக்கு: கோல்கீப்பர் 5.0. டிஃபெண்டர்கள் 5.5, 5.0, 4.5. மிட்ஃபீல்டர்கள் 14.5, 8.0, 7.0, 6.0, 5.5. ஃபார்வர்டுகள் 14.0, 7.5. கூட்டினால் 82.5. பெஞ்ச் 17. மொத்தம் 99.5, கையில் 0.5. அந்த அரையைச் செலவழித்துவிடத் துடிக்காதீர்கள். நாளைக்கு நீங்கள் கண் வைத்திருக்கும் ஆள் 0.1 ஏறிவிட்டால் அதுதான் கைகொடுக்கும்.

துணைக் கேப்டனையும் யோசித்துப் போடுங்கள். கேப்டன் இறங்கவே இல்லை என்றால்தான் பட்டை துணைக்குப் போகும். 89-வது நிமிடம் வந்து ஒரு நிமிடம் ஓடிவிட்டுப் போனால், அந்த ஒரு பாயின்ட் இரண்டாகும், அவ்வளவுதான் உங்கள் கேப்டன். இந்தக் கொடுமையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

படி 4: வாங்குவதும் விற்பதும்

வாரம் ஒரு மாற்றம் இலவசம். பயன்படுத்தாவிட்டால் சேரும், 5 வரை சேர்க்கலாம். கூடுதலாக ஒருவரை மாற்றினால் 4 பாயின்ட் போகும். அறுவடை ஆசையில் நாலு பேரை மாற்றி, 12 பாயின்ட் இழந்து, வந்தவர்கள் எல்லாம் 2 பாயின்ட் எடுத்த வாரம் எனக்கும் உண்டு.

விலை ஏறினால் பாதி லாபம்தான் உங்களுக்கு, அதுவும் கீழ்நோக்கி முழுமையாக்கி. 7.0-க்கு வாங்கியவர் 7.3 ஆனால் விற்கும்போது 7.1 கிடைக்கும். இறங்கினால் முழு நட்டமும் உங்கள் தலையில். கமிஷன் கடையில் நெல் போட்ட அனுபவம் இருந்தால் இது புதிதாகத் தெரியாது. மாற்றும் முன் அடுத்த ஐந்து ஆட்டம் யாரோடு என்று பாருங்கள், ஒரே ஒரு ஆட்டத்துக்காக ஆளை வாங்க வேண்டாம். வைல்டு கார்டு (ஒரு வாரம் எத்தனை பேரையும் இலவசமாக மாற்றலாம்), பெஞ்ச் பூஸ்ட் (ஒரு வாரம் பெஞ்ச் ஆட்களின் பாயின்டும் சேரும்) போன்ற சிப்களை, அதாவது சிறப்புச் சலுகைகளை, பற்றி முதல் மாதம் நினைக்கவே வேண்டாம்.

படி 5: கெடு

வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு கதவு சாத்தப்படும். இங்கிலாந்தில் சனிக்கிழமை பகல் 12.30 ஆட்டம் என்றால், அவர்களுடைய கோடைக் காலத்தில் நமக்கு மாலை 5 மணி, கெடு 3.30. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள். அதன்பின் ஆட்டம் 6, கெடு 4.30. மார்ச் கடைசி ஞாயிறு திரும்ப முன்னால் நகர்த்துவார்கள், கெடு மறுபடி 3.30. வெள்ளி இரவு ஆட்டம் இருந்தால் அது நமக்கு நள்ளிரவைத் தாண்டிப் போகும், அவர்களுடைய கோடைக் காலத்தில் கெடு வெள்ளி ராத்திரி 11-க்கே முடிந்துவிடும்.

ஒரு ஏப்ரல் சனிக்கிழமை, ரோட்டோரம் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. வண்டி ஏறி மிதித்ததைப் புரட்டிப் போட்டுவிட்டு, 4.30 வரை நேரம் இருக்கிறதே என்று, நாலு மணிக்கு நிழலில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். பூட்டியிருந்தது. குளிர்கால நேரத்திலேயே இருந்திருக்கிறேன். காயம் பட்ட ஆள் கையில் கேப்டன் பட்டை. இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலமே அலாரம் வைத்து அணியை முடித்துவிடுகிறேன்.

அக்கா பையன் மறு மாதம் வைல்டு கார்டு போட்டு அணியை முழுக்கக் கலைத்தான். இந்த முறை ஸ்கிரீன்ஷாட் இல்லை. கோடு போட்ட நோட்டில் எழுதி, அதன் போட்டோவை அனுப்பினான். முதல் நான்கு வரியும் மலிவு ஆட்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆடிய நிமிடம். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பதில் மட்டும் இப்படி அனுப்பினேன்: "பெஞ்ச் பிரமாதம்டா. ஆனா ஆர்சனல்ல நாலு பேர எழுதியிருக்க, எண்ணிப் பாரு."